மத்தி வந்த தேர்தல் நாள்

அறுபத்தேழு தேர்தலில், ஆட்களைத் திரட்டி வாக்குச்சாவடிக்குக் கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது. போன தடவை எங்கள் வேட்பாளர் பூவராகன் வெறும் பன்னிரண்டு ஓட்டில் தோற்றிருந்தார். "குப்பத்து ஆம்பளைங்க நாப்பது பேரும் நம்ம பக்கம். ஜெயம் நிச்சயம்" என்று அவரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். எங்கள் ஊர் முதுநகரிலேயே பெரிய மூளை என்னுடையது என்று நினைப்பு.

காலையில் குப்பத்துக்குப் போனால், மத்தி மீன் கூட்டம் வந்துவிட்டதென்று எல்லோரும் கடலுக்குப் போயிருந்தார்கள். கடைசிக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த காசிநாதனோடு தொற்றிக்கொண்டேன், அவர்களைத் திருப்பி அழைத்துவர.

"ஓட்டு எங்க பாய் ஓடிடப் போவுது? மீனு ஓடிடும். புடிங்க வலைய!" என்றான் அவன்.

பனியில் கடலும் வானமும் ஒன்றாகியிருந்தன. எங்களுக்கடியில் வெள்ளி ஊர்வலம் ஒன்று, கோஷமில்லாமல், கொடியில்லாமல் போய்க்கொண்டேயிருந்தது. வலையை இழுக்க இழுக்க, எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

கரை சேர்ந்தபோது சாவடியை மூடிவிட்டிருந்தார்கள்.

நாற்பது ஓட்டில் தோற்றோம்.

"குப்பத்தாளுங்க கவுத்துட்டாங்க பாய்" என்றார் பூவராகன். தலையாட்டினேன். அவர்கள் போட்டிருந்தால் சமனாகியிருக்கும். ஜெயிக்க இன்னும் ஒரு ஓட்டு வேண்டும். அதுவும் அன்றைக்குக் கடலில்தான் வலை இழுத்துக்கொண்டிருந்தது என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.