ஏழாம் கல்லின் கரி

பொன்னுத்துரையைப் பழிவாங்க மூக்கையா ஐந்து வருஷம் காத்திருந்தான். கோபக்காரனாக இருந்தால் ஐந்தே நாளில் கத்தித் தீர்த்துவிட்டுப் போயிருப்பான். இவன் கும்பிடு போட்டுக்கொண்டே காத்திருந்தான்.

எரியோட்டுக்குத் தெற்கே கருங்கல்பட்டிக்குப் பொன்னுத்துரைதான் பஞ்சாயத்துத் தலைவர். மூக்கையா அந்த ஊரில் காவல் வேலை பார்க்கும் தலையாரி. அவன் குடியிருந்தது ஊருக்கு மேற்கே மேட்டுக்களத்தில், நாற்பது வீடு. ஐம்பத்தைந்தாம் வருஷத் தேர்தலில் சாவடி முன்னால் எல்லாரையும் உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லித்தான் ஓட்டு எண்ணினார்கள். மேட்டுக்களம் மொத்தமும் எதிராளிக்குக் கை தூக்கியது. மூக்கையாவின் பெண்டாட்டி ஒச்சாயியும் எட்டு மாத வயிற்றோடு தூக்கினாள்.

பொன்னுத்துரை எப்படியோ ஜெயித்தார். மறுநாளே பஞ்சாயத்துக் கிணற்றில் மேட்டுக்களத்தார் வாளி போடக்கூடாதென்று ஆள் நிறுத்தினார். என்ன பெரிய மனுஷத்தனம்! ஒரு மைல் நடந்து ஓடை ஊற்றில் தண்ணீர் எடுத்து வந்த ஒச்சாயி, கரையில் சறுக்கி விழுந்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. அதைப் புதைத்த கையோடு மூக்கையா சாவடிக்குப் போய்த் தலைவருக்குக் கும்பிடு போட்டான். வேலையை விட்டுவிட்டால் அந்த ஆளுக்குப் பக்கத்தில் இருக்க முடியாதே.

அறுபதில் வேளை வந்தது. பஞ்சாயத்து யூனியன் அமைக்கிறார்கள், ஊர் எல்லைகளைச் சரிபார்க்க சர்வேயர் வருகிறார் என்று தாக்கீது வந்தது. இனிமேல் தேர்தலில் கை தூக்குவது கிடையாது, சீட்டுப் போடுவதுதான். யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரியாத தேர்தலில் மேட்டுக்களத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தலைவர் யோசித்தார். மேட்டுக்களத்துக்கும் மேற்கே ஓடும் வண்டிப்பாதைதான் எல்லை என்று ஊரே நினைத்திருந்தது. ஆனால் பழைய சர்வேயின் எல்லைக்கற்கள் மேட்டுக்களத்துக்குக் கிழக்கே ஓடின. அவற்றை ஒட்டிக் கோடு போட்டால் மேட்டுக்களம் அப்படியே பக்கத்து ஆலம்பாடிப் பஞ்சாயத்துக்குப் போய்விடும். பழைய சர்வேப்படியே எல்லை வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவருடைய தைரியத்துக்குக் காரணம் ஏழாம் கல். சில வருஷம் முன்னால் அவர் காரை வீடு கட்ட ஆசைப்பட்ட இடம் அந்தக் கல்லுக்கு மேற்கே, ஆலம்பாடி மண்ணில் கிடந்தது. கல்லைப் பிடுங்கி, கட்டிய வீட்டுக்குப் பின்னால், மேற்கே புளியமரத்தடியில் நட்டுவிட்டார். கல்லின்படி பார்த்தால் வீடு கருங்கல்பட்டிக்குள் வந்துவிட்டது. வீட்டுக்குக் கிழக்கே இருந்த பழைய குழியை மூடி மாட்டுக்கொட்டம் போட்டார். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் போய்ப் பார்க்காமலே வருஷா வருஷம் ‘கல் உள்ளது’ என்று எழுதினார். விஷயம் தலையாரிக்குத் தெரியும்தான். ஆனால் இத்தனை கும்பிடு போடுகிறவன் வாயைத் திறப்பானா என்ன?

தலைவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எல்லைக்கல் நடுவது அந்த ஊரில் தலையாரி வீட்டு வேலை. குழி தோண்டி, இரண்டு கூடை அடுப்புக்கரியைக் கொட்டி மிதித்து, அதன்மேல்தான் கல்லை நிறுத்துவார்கள். கல்லை யாரும் நகர்த்தலாம். கரி மக்காது, நகராது. கல்லைப் பிடுங்கியவர்கள் அடியைக் கிளறிப் பார்க்கவில்லை.

பங்குனி வெயிலில் சர்வேயர் வந்தார். ஆறு கல் வரைக்கும் அளவுச் சங்கிலி சரியாக விழுந்தது. புளியமரத்தடிக் கல்லில் நாற்பது அடி உதைத்தது. சங்கிலி பழசு என்றார் கர்ணம். சர்வேயர் தலையாரியைப் பார்த்தார். ஊரே பார்த்தது. சொன்னால் மூக்கையாவின் வேலை போகும், இந்த ஊரில் அவன் பிழைப்பும் போகும்.

“சொல்லுலே மூக்கையா, ஒங்கப்பன் நட்ட கல்லுதான இது?” என்றார் பொன்னுத்துரை.

“எங்கப்பன் நட்ட கல்லுதாங்கய்யா. ஆனா நட்ட எடம் இது இல்ல.”

கரி விஷயத்தையும் சொன்னான். முதலில் ஆறாம் கல்லுக்குப் பக்கவாட்டில் தோண்டிக் காட்டினான், கரி இருந்தது. புளியமரத்தடியில் தோண்டினார்கள், வெறும் செம்மண். பிறகு மாட்டை அவிழ்த்துவிட்டு, கொட்டத்தில் அவன் கால் வைத்துக் காட்டிய இடத்தில் கடப்பாரையைப் போட்டார்கள். இரண்டு முழத்தில் கன்னங்கரேலென்று கரி வந்தது. அதை அள்ளி சர்வேயர் கையில் கொடுத்தபோது மூக்கையாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

“வண்டிப்பாதையவே எல்லையா வச்சுக்கிருவோமே சார்” என்று தலைவர் குழைந்தார். சர்வேயர் பையிலிருந்து மனுவை எடுத்து அவரிடமே நீட்டினார்.

“பழைய சர்வேப்படிதான் வேணும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? கையெழுத்து ஒங்களுதுதான?”

கொட்டத்துக்கு மேற்கே இருந்ததெல்லாம் ஆலம்பாடி என்று எழுதப்பட்டது: மேட்டுக்களத்து நாற்பது வீடும், கூடவே பொன்னுத்துரையின் காரை வீடும். கருங்கல்பட்டியில் இனி அவருக்கு ஓட்டே கிடையாது. அப்புறம் எங்கே தலைவராவது?

கூட்டம் கலைந்ததும் அவர் மூக்கையாவிடம் வந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. “ஒனக்கு நான் என்னப்பா கெடுதல் பண்ணேன்?” என்று கேட்டார். நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. ஐந்து வருஷமாக இவன் சுமந்தது அந்த ஆளின் மனசில் ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. மூக்கையா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

நடந்ததையெல்லாம் ஒச்சாயி கேட்டாள். மாட்டுக்கொட்டத்தைத் தோண்டியதைக் கேட்டு அவள் சிரிக்கக்கூட இல்லை.

“நம்ம பிள்ளையப் பத்திச் சொன்னியா?”

“அந்தாளுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல ஒச்சாயி.”

அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு கிளம்பினாள். மூக்கையா பின்னாலேயே போனான். காரை வீட்டு வாசலில் நின்று, கும்பிடாமல், பொன்னுத்துரையை வெளியே கூப்பிட்டாள். கிணற்றில் ஆள் நிறுத்திய நாள், அவள் சறுக்கிய இடம், பிள்ளை பிறந்த கிழமை எல்லாவற்றையும் சத்தம் போடாமல் சொன்னாள். அவர் மனைவியும் மகள்களும் நிலைப்படியில் நின்று கேட்டார்கள்.

“இனிமே நாம ஒரே பஞ்சாயத்து” என்றாள் ஒச்சாயி. “தெனமும் இந்த வழியாத்தான் போவேன். போறப்ப ஒருக்கா, வாரப்ப ஒருக்கா சொல்லிட்டுப் போறேன். ஒங்களுக்கு மறக்காது.”