ஆமெனுக்கு முன்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எனக்கு மிச்சமிருக்கும் பற்களின்மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். பற்கள் குறைவு என்பதால் ஆணையின் பலம் குறைந்துவிடாது. கதை கிடைத்ததே பல் மருத்துவரின் காத்திருப்பறையில்தான். பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரிப் போதகர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரோ அலறினார்கள். அவர் என் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த அறையில் யாரும் பொய் சொல்வதில்லை. அதற்குத் தெம்பு வேண்டும்.

2

முதல் தொடக்கம்: ‘நிலம் நடுங்கியபோது, மாணவர்களைக் காப்பாற்றப் போதகர் வெளியே…’

அடித்துவிட்டேன். எல்லோரும் உள்ளே இருக்கும்போது வெளியே ஓடி யாரைக் காப்பாற்றுவது?

இரண்டாவது: ‘அவருக்கு வயதாகிவிட்டது, முழங்கால் வலி வேறு, ஆகையால்…’

இதுவும் ஆகாது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் ஓடிய வேகம் கதையைக் கெடுக்கிறது.

சரி, உள்ளது உள்ளபடி. கல்லூரி ஜெபக்கூடத்தில் மாலை ஜெபம். போதகரின் ஜெபங்கள் நீளமானவை.* மாணவர்கள் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஜெபம் நடத்துகிறவர் மட்டும் ஒரு கண்ணால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது அந்தத் தொழிலில் சகஜம். அப்படிப் பார்த்தபோது கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்கிய விளக்கு ஆடியது. காற்று இல்லை. “இந்தப் பிள்ளைகளை உமது கரத்தில்” என்றவர், வாக்கியத்தை அங்கேயே போட்டுவிட்டுப் பக்கக் கதவு வழியாக ஓடினார்.

ஆமென் சொல்லவில்லை.

ஆமென் கேட்காமல் கண்ணைத் திறக்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள். தரை ஆடத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு மரியாதையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார்கள்.

(* மழுங்கச் சவரம் செய்துகொண்டு வந்த ஒரு பையன், ஜெபம் முடிந்து தாடியோடு போனதை நானே பார்த்… அவர் பார்த்திருக்கிறார்.)

3

வெளியே வந்தவர்களைப் போதகர் மைதானத்து வாசலில் நின்று கைகாட்டிக் கூப்பிட்டார். எல்லாருக்கும் முன்னால் போய் வழிகாட்டினார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அதில் முதல் பாதி உண்மை. கல்லூரி முதல்வர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் கையைக் கொடுத்தார்.

ஒருத்தி மட்டும் வரவில்லை. வேதியியல் படிக்கும் பெண். சுவர் சரிந்து காலில் விழுந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் அவளைத் தூக்கி வந்தபோதும் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஆமென் கேட்காமல் கண் திறக்காத பெண் என்று கல்லூரியே அவளைக் கொண்டாடியது.

4

விடுதிச் சுவர்கள் விரிசல் விட்டதால் மாணவர்கள் மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். மரத்தடியில் போதகருக்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டார்கள். மனம் கலங்கியவர்கள் வந்து பேசலாம் என்று ஏற்பாடு. வந்தவர்களுக்கெல்லாம் ஒரே வெட்கம்: ஓடிவிட்டோம். ஒருவன் அறைத்தோழனை மிதித்துக்கொண்டு ஓடியிருந்தான். இன்னொருவன் கால்குலேட்டரைக் கவனமாக எடுத்துக்கொண்டு, கூடப் படிக்கும் தம்பியை மறந்திருந்தான்.

எல்லாருக்கும் போதகர் ஒன்றையே சொன்னார். “ஓடினது நீ இல்லப்பா. உன் காலு.”

“அப்ப கால மட்டும் அனுப்பி தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லட்டுமா, பாஸ்டர்?” என்றான் கால்குலேட்டர்.

போதகர் சிரித்தார். அவன் போனதும் மேசைக்கு அடியில் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

இங்கே ‘வேஷக்காரர்’ என்று எழுதினேன். அடித்தேன். திரும்ப எழுதினேன். அந்த நாற்காலியில் அழுதுகொண்டே உட்கார்ந்தவர்கள் அன்றிரவு தூங்கினார்கள், அதுவும் நடந்தது. எங்கே வலிக்கும் என்று அவருக்கு அத்தனை துல்லியமாகத் தெரிந்திருந்தது. இதை அவருக்கு ஆதரவாகச் சொல்கிறேனா, எதிராகவா? தெரியவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை. அதில் அந்தப் பெண் எழுந்து தன் விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது முதல்வரின் ஆசை. முந்தின நாள் கட்டுப் போட்ட காலோடு ஊன்றுகோலில் மேசைக்கு வந்தாள்.

“நாளைக்கு நான் பேச மாட்டேன், பாஸ்டர்.”

“ஏம்மா, கூச்சமா?”

“நான் தூங்கிட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை.

“நீங்க ஜெபம் பண்றப்போ. கண்ண மூடினது என்னவோ ஜெபத்துக்குத்தான். அப்படியே அசந்துட்டேன். சுவரு விழுந்துதான் முழிச்சேன், அப்புறம் பயத்துல கண்ணத் திறக்கல. இப்ப எல்லாரும் வந்து என் கையத் தொட்டுட்டுப் போறாங்க. எங்கம்மா ஃபோன்ல சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம சொல்லியாச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க நிக்கிறது?”

பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

“நீங்க எப்ப பாஸ்டர் ஆமென் சொன்னீங்க? எனக்குக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா நானும் எந்திரிச்சு ஓடியிருப்பேன். என் தப்புதான?”

6

முடிவு ஒன்று: “நான் சொல்லவே இல்லம்மா” என்கிறார். மறுநாள் அவரே எழுந்து சபைக்கு முன்னால் சொல்கிறார். அவள் நிமிர்ந்து உட்கார்கிறாள். இதைத் தங்குதடையில்லாமல் எழுதி முடித்தேன். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: “சொன்னேம்மா. மெதுவா சொன்னேன்” என்கிறார். அவள் தலையாட்டிவிட்டு, அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி மைதானத்தைக் கடந்து… இதற்குமேல் எழுத முடியவில்லை. முகம் சுட்டது. பேனாவை மூடிவிட்டேன்.

மூன்றாவது என்னிடம் இல்லை. அவள் இன்னும் பதிலுக்காக நிற்கிறாள், ஒற்றைக் காலில். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது சொல்லுங்கள், நேரமாகிறது.

கடைசியாக ஒன்று, இதுவும் அதே பற்களின்மேல் ஆணையாக: நிலம் நடுங்கிய அந்த ஆண்டு முழுவதும், அந்தக் கல்லூரியில் போதகர் பணியிடம் காலியாக இருந்தது.