பொட்டலச் சீட்டு

எங்கள் மருத்துவமனை மருந்தகத்தின் தலைவரை எல்லோரும் சீஃப் என்போம். ஐம்பத்தைந்து வயதில் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்ளும் யோசனையை அவருக்குக் கொடுத்தவள் நான். நல்ல மருத்துவரை விசாரித்துச் சொன்னேன். கூடவே போய்க் காத்திருந்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். “தங்கமான மனசும்மா உனக்கு,” என்று அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். தங்கமாவது மண்ணாங்கட்டியாவது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நோயாளிக்கு இரண்டு மடங்கு வீரியமுள்ள மாத்திரை போய்விட்டது. பத்து நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தார். பொட்டலம் கட்டுபவரே அதன் சீட்டையும் எழுத வேண்டும். அந்தச் சீட்டில் இருந்ததோ வெறும் கிறுக்கல். அன்று பொட்டலம் கட்டியது சீஃபும் நானும்தான்; எங்களில் யார் எழுதியது என்று ஒருவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

“எனக்கு வெள்ளெழுத்து சார். இந்தப் பொடி எழுத்தை என்னால படிக்கவே முடியல, நான் எப்படி எழுதியிருப்பேன்? இந்தப் பொண்ணுதான்,” என்று சீஃப் நிர்வாகியிடம் என்னைக் கைகாட்டினார். கொஞ்சமும் வாய் கூசவில்லை. கண்ணாடி போட்டால் கிழவனாகத் தெரிவோம் என்று குத்துமதிப்பாக எழுதித் தள்ளுகிற மனுஷன். என்னைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் அட்டைப்பெட்டி தூக்கினேன். குப்பைக்குப் போன அந்தச் சீட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சிகிச்சை முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று எல்லோரும் சூழ்ந்துகொண்டு சோதித்தார்கள். ஒருவர் மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியை நீட்டினார். நிர்வாகி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, பின்பக்க எழுத்தைப் படிக்கச் சொன்னார். சீஃப் கடகடவென்று படித்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“இதையும் பாருங்க,” என்று நான் எடுத்து வைத்திருந்த அந்தச் சீட்டை நீட்டினேன். நிர்வாகி வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நாலு கை மாறியது, யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

“குடுங்க இப்படி,” என்று சீஃப் வாங்கி ஒரே மூச்சில் படித்தார். மருந்தின் பெயர், வீரியம், காலை ஒன்று, இரவு ஒன்று. கடைசி வரியில் நோயாளியின் பெயரைப் பாதி சொன்ன பிறகுதான் சட்டென்று நிறுத்திச் சீட்டை மடித்தார்.

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெயர் எல்லோருக்கும் நினைவிருந்தது.

“எனக்கு நல்ல கண்ணுதான். எனக்கே ஒரு எழுத்தும் புரியல,” என்றார் நிர்வாகி. “உங்களுக்கு மட்டும் எப்படி வருது?”

பாவமாக இருந்ததா என்றால், இல்லை. இனித்தது.

“கண்ணு கூசுது,” என்றார் சீஃப்.

“அப்படித்தான் இருக்கும். சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இன்னொரு தடவை படிங்க,” என்றேன்.