பந்து முந்தியோ, கம்பி முந்தியோ

பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். மடத்துவெளி வெண்சங்கு விளையாட்டுக் கழகம் நாரந்தனைச் செம்பருந்து விளையாட்டுக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய காசு இது. இரண்டு வருசமாக நாங்கள் கொடுக்கவில்லை. வழியில்லாமல் இல்லை. கொடுக்க மாட்டோம் என்றுதான் நின்றோம்.

நாரந்தனைக்காரர் இந்தத் தொகையை மேளத்தில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் எந்த மைதானத்தில் இறங்கினாலும், அந்த ஆட்டத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும், நாலு பேர் ஒரு மேளத்தோடு வந்து நிற்பார்கள். 'பதினெட்டு, எழுநூற்றைம்பது' என்று அடி விழும். வேலணையில் மீன் விற்கிறவர்கூட நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத் தராசுத் தட்டில் விரலால் அதே தாளத்தைப் போட்டுக் காட்டினார். கனடாவில் கலியாண மண்டபங்களில் கரண்டியால் கோப்பையில் தட்டுகிறார்களாம். அங்கேயும் எங்கள் ஆட்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒரு கோல் கம்பத்தின் மேற்கம்பியால் வந்த வினை.

நாரந்தனை மைதானத்தில் நின்ற அந்தக் கம்பி பழைய தண்ணீர்க் குழாய். உப்புக்காற்று தின்று, மேலே பூசிய வெள்ளைப் பெயின்றின் பலத்தில்தான் அது நின்றது. இரண்டு வருசத்துக்கு முன் எங்களுக்கும் அவர்களுக்கும் அரையிறுதி ஆட்டம். முடியக் கொஞ்ச நேரம்தான் கிடந்தது, ஒருவருக்கும் கோல் இல்லை. இடப்பக்கத்தால் றஜீபன் பந்தைத் தூக்கிக் கொடுக்க, எங்கள் நிசாந்தன் அதை நிலத்தில் விழ விடாமல் ஓங்கி அடித்தான். பந்து மேற்கம்பியின் அடிப்பக்கத்தில் மோதிக் கீழே வந்தது. கம்பியும் முறிந்து கீழே வந்தது. புழுதி அடங்கிப் பார்த்தால் பந்து வலைக்குள் கிடக்கிறது. கம்பி கோட்டுக்கு மேலே கிடக்கிறது. பக்கத்தில் அவர்களுடைய கோல்காப்பாளர் சுபாஸ்கரன் குப்புறக் கிடக்கிறான்.

பந்து கோட்டைத் தாண்டின பிறகு கம்பி விழுந்தால் அது கோல். கம்பி முதலில் விழுந்து, பந்து அதில் பட்டு உள்ளே போயிருந்தால் கோல் இல்லை. இவ்வளவுதான் சங்கதி. மத்தியஸ்தருக்கு விசில் வாயில் இருந்தது, ஊதத்தான் தெரியவில்லை. கடைசியில், கோல் இல்லை, கம்பி இல்லாமல் ஆட்டமும் இல்லை என்று சொல்லிப்போட்டு மோட்டார் சைக்கிள் நின்ற பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் அது வேறு கதை. வேலித் தடிகள் பிடுங்கப்பட்டன, ஐஸ்கிறீம் வண்டி சரிந்தது, எங்கள் கழகத் தலைவர் அம்பலவாணர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார்.

ஆட்டத்தைப் போனில் பிடித்து வெளிநாட்டுக்கு நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்த பெடியன் எங்கள் ஊரான். சரியாக அந்த நேரம் பார்த்துத் துள்ளிப்போட்டான். அந்த வீடியோவை நான் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். வானம் தெரிகிறது, ஒரு காகம் பறக்கிறது. கோல் தெரியவில்லை.

புதுக் கம்பி பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது, பழையதை உடைத்தவர்கள் அந்தக் காசைக் கட்ட வேண்டும் என்று நாரந்தனைக் கழகத் தலைவர் கந்தையா ஆள் அனுப்பினார். கோல் என்று ஒத்துக்கொள்ளுங்கள், அடுத்த நிமிசம் காசு தருகிறோம் என்று அம்பலவாணர் மறுமொழி சொல்லிவிட்டார். காசை வைத்துவிட்டுக் கதையுங்கள் என்றார் கந்தையா. அதோடு இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டது.

உள்ளதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். கோட்டுக்கு நேரே முகத்தை வைத்துக் கிடந்த சுபாஸ்கரன். கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒரே மறுமொழிதான் சொன்னான்: கண்ணுக்குள் புழுதி.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், சுபாஸ்கரன் வேறு ஆள் இல்லை. நிசாந்தனின் மனைவி கோசலாவின் கூடப்பிறந்த தமையன்.

நிசாந்தன் மேசன். நான் அவனுக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கிற ஆள். இரண்டு வருசமாக அந்தக் கோலை அவன் அடிக்காத நாள் இல்லை. இரண்டு சீமெந்துக் கல்லை நிறுத்தி, மேலே பலகைத் துண்டை வைத்து, ஒரு பிடி கலவையை உருட்டி எறிந்து காட்டுவான். ஒவ்வொரு தரமும் கலவை முதலில் போகும், பலகை பிறகு விழும். "கண்டியளே அண்ணை?" என்பான். ஓம் என்பேன். இல்லையென்றால் அடுத்த கல்லை வைக்க மாட்டான், எனக்கு நாள் முடியாது.

சுபாஸ்கரன் வாயால் அது கோல் என்று ஊரறியச் சொல்லும்வரை அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்திருந்தான். அவன் போகாத இடத்துக்குக் கோசலாவும் போக முடியவில்லை. பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும், அதுவும் தள்ளித் தள்ளிப் போனது. ஒருநாள் சாப்பாடு கொண்டு வந்த இடத்தில் அவள் எனக்குச் சொன்னாள்: "இரண்டு பேரும் ஒரு கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம் அண்ணை. என்ர தாய் வீடு அந்தக் கம்பிக்கு அங்கால கிடக்கு."

அப்படியிருக்கத்தான் இந்த வருசம் நாரந்தனையில் ஒரு நினைவுக் கிண்ணப் போட்டி வந்தது. இறுதியாட்டத்துக்கு ஏறியது யார் என்றால் நாங்களும் அவர்களும்.

அன்றைக்கு எனக்கு ஒரு வீட்டில் கூரைக்குக் கொங்கிறீற் போடுகிற வேலை. நிசாந்தன் விளையாடப் போய்விட்டான், நான் மத்தியானம்வரை தாச்சியில் கலவை தூக்கினேன். கால் இரண்டும் என்னுடையவை இல்லாத மாதிரி இருந்தன. வீட்டுக்குப் போய்ப் படுக்கத்தான் நினைத்தேன். சந்தியில் எங்கள் ஆட்கள் பட்டா என்கிற சின்ன லொறியில் கொடியோடு நிற்கக் கண்டதும் சீமெந்துக் காலோடு ஏறிவிட்டேன். வாணர் பாலத்தில் காற்று எங்களைத் தூக்கி எறியப் பார்த்தது. ஒருவரும் இருக்கவில்லை, எல்லாரும் நின்றபடியேதான் போனோம்.

மைதானத்துக்குள் கால் வைக்கவே மேளம் தொடங்கியது. பதினெட்டு, எழுநூற்றைம்பது. அடித்தவன் ஜெனிஸ்ரன் என்ற பெடியன். நல்லாய்த்தான் அடித்தான், அதுதான் இன்னும் எரிந்தது. எங்கள் பக்கத்தில் 'கோலைத் தா' என்று திருப்பிக் கத்தினோம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், மூலைக்கொடிக்குப் பக்கத்தில், கோசலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியே நின்றாள். எங்கள் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

முதற்பாதியில் அவர்கள் ஒரு கோணர் உதையில் தலையால் தட்டிக் கோல் போட்டார்கள். மேளம் எங்கள் நெஞ்சுக்குள் அடித்தது. இரண்டாம் பாதியில் எங்கள் பெடியள் அவர்களைத் தங்கள் பாதியை விட்டு வெளியே வர விடவில்லை. நிசாந்தன் அடித்த இரண்டு பந்தைச் சுபாஸ்கரன் பாய்ந்து பிடித்தான். மூன்றாவதைத் தட்டிவிட, றஜீபன் ஓடி வந்து இடக்காலால் உள்ளே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று. எனக்குக் காலில் நோ இருந்தது என்பதே மறந்துபோயிற்று. யாரோ ஒருவன் என் தோளில் ஏறிவிட்டான், நானும் அவனைச் சுமந்துகொண்டு துள்ளினேன்.

ஆட்டம் பெனால்டிக்குப் போனது. அடிக்கிறது எந்தக் கோலுக்குள் என்று மத்தியஸ்தர் காசைச் சுண்டிப் பார்த்தார். கம்பி விழுந்த அதே கோல்தான் வந்தது. வலைக்குப் பின்னால் நாங்கள் ஓடிப்போய் நெருக்கியடித்து நின்றோம். நான் கம்பத்துக்குக் கைநீட்டுத் தூரத்தில் நின்றேன்.

நாலு நாலாக அடித்துச் சமமாய் வந்தது. அவர்களின் ஐந்தாவது உள்ளே போய்விட்டது. இனி நிசாந்தன் அடிக்க வேண்டும். போட்டால் இன்னும் நீளும், விட்டால் முடிந்தது.

அவன் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான். சுபாஸ்கரன் கோட்டில் நின்றபடி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டான்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாங்கள். இப்ப எப்பிடி?"

இரண்டு வருசத்தில் அவன் நிசாந்தனோடு கதைத்த முதற்கதை அதுதான். நிசாந்தன் பந்தை விட்டு அவன் முகத்தைப் பார்த்தான். றஜீபன் நடுக்கோட்டிலிருந்து, பாக்காதை, அடி என்று கத்தினான்.

"சுகம்," என்றான் நிசாந்தன்.

அடித்தான். வலப்பக்கம், நிலத்தோடு. நல்ல அடி. சுபாஸ்கரன் நீட்டின கையில் விரல் நுனி பட்டு, பந்து கம்பத்துக்கு வெளியால் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

நாரந்தனை முழுக்க மைதானத்துக்குள் இறங்கியது. எங்கள் பக்கத்தில் அது ஏமாத்து, பிள்ளையைச் சொல்லி மனதைக் குழப்பிப்போட்டான் என்று கத்தல். ஒருவன் வேலித் தடியில் கை வைத்துவிட்டான். இன்னொரு இரண்டு வருசத்துக்கு விதை விழுகிறது என்று நான் நினைத்தேன். நிசாந்தன் பந்து வைத்த இடத்திலேயே இருந்துவிட்டான், தலையை முழங்காலுக்குள் விட்டுக்கொண்டு.

சுபாஸ்கரனைத் தோளில் தூக்கினார்கள். அவன் உதறி இறங்கி, ஆட்களை விலத்திக்கொண்டு வந்து நிசாந்தனுக்கு முன்னால் குந்தினான்.

"மச்சான், அண்டைக்கு அது கோல்தான்."

நிசாந்தன் தலையைத் தூக்கவில்லை. "அது எனக்குத் தெரியும். எனக்கேன் சொல்லுறீர்? மைக்கில சொல்லும்."

சுபாஸ்கரன் தன் ஆட்களைப் பார்த்தான். மூலைக்கொடிப் பக்கம் பார்த்தான். இந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால் செத்தாலும் அவன் எழும்பியிருக்க மாட்டான். வென்றபடியால் எழும்பினான். அறிவிப்பாளர் கிண்ணத்துக்குக் காசு தந்த குடும்பத்தின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். இவன் போய் மைக்கைக் கையிலிருந்து எடுத்தான். பரிசுக்கு நன்றி சொல்லப் போகிறான் என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

"இரண்டு வருசத்துக்கு முந்தி, உந்தக் கோலுக்குள்ள, நிசாந்தன் அடிச்ச பந்து கோட்டைத் தாண்டினாப்பிறகுதான் கம்பி விழுந்தது. என்ர கண்ணுக்குள்ள புழுதி இல்லை. நான் கண்டனான். அது கோல்."

ஜெனிஸ்ரனின் மேளத்தடி மேலே தூக்கினபடி நின்றது. எங்கள் பக்கம் எழும்பின சத்தத்தில் பக்கத்து வளவு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. தோற்றவர்கள் நாங்கள். கிண்ணம் அவர்களின் மேசையில் இருக்கிறது. ஆனால் அம்பலவாணர் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்.

நாரந்தனைக்காரர் சுபாஸ்கரனை விடவில்லை. தண்ணீர்ப் போத்தல் ஒன்று பறந்து வந்து அவனது தோளில் பட்டது. தங்கச்சிக்காக ஊரை விற்றுப்போட்டான் என்று ஒருவன் கத்தினான். அவன் மைக்கை வைக்காமல் அதற்கும் மறுமொழி சொன்னான்: "தங்கச்சிக்காக எண்டா இரண்டு வருசத்துக்கு முந்தியே சொல்லியிருப்பன். இண்டைக்கு வெண்டுபோட்டுச் சொல்லுறன்."

கந்தையா கூட்டத்தை விலத்திக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். வெங்காயத் தோட்டத்தில் காய்ந்த மெல்லிய மனிதர். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப காசு?" என்றார்.

அம்பலவாணர் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கோல் கோட்டில் விரித்தார். சொன்ன சொல் சொல்தான் என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. சட்டைப் பைகள் திரும்பின. பட்டா ஓட்டி வந்தவன் எண்ணெய்க் காசைப் போட்டான். றஜீபன் காலுறைக்குள் மடித்து வைத்திருந்த ஆயிரத்தை எடுத்தான். என்னிடம் அன்றைய கூலி ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. வீட்டில் அரிசி முடிந்தது என்று மனிசி காலையில் சொன்னது காதில் கேட்டது. கொஞ்சம் யோசித்தேன். பிறகு அரிசிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துவாயில் போட்டேன். நோட்டில் சீமெந்து ஒட்டியிருந்தது. என் ஆயுளில் இவ்வளவு சந்தோசமாகக் காசு கொடுத்ததில்லை.

இப்போது நாரந்தனைப் பெடியளுக்குத்தான் பயம் பிடித்தது. வாங்கவேண்டாம் என்று கந்தையாவின் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஜெனிஸ்ரன் அழாக்குறையாக நின்றான்.

"வாங்காதேங்கோ அண்ணை. வாங்கினியள் எண்டா நாங்கள் இனி என்னத்தை அடிக்கிறது?"

"கம்பி என்ர வெங்காயக் காசில வாங்கினது," என்றார் கந்தையா. "உன்ர மேளத்திலயே வாங்கினது?"

அவர் கோட்டுக்குப் பக்கத்தில் குந்தி எண்ணத் தொடங்கினார். இரண்டு ஊரும் சுற்றி நின்று கூடவே எண்ணியது. அந்த நேரத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். மூலைக்கொடிக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. றோட்டில் கோசலாவின் ஸ்கூட்டியைச் சுபாஸ்கரன் உருட்டிக்கொண்டு போனான். அவன் பக்கத்தில் நிசாந்தன், தோளில் பிள்ளை. கோசலா எல்லாருக்கும் முன்னால் கிட்டத்தட்ட ஓடினாள்.

கந்தையா இரண்டாம் தரமும் எண்ணி முடித்தார். முந்நூறு ரூபாய் கூட இருந்தது. பரவாயில்லை, இருக்கட்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவன் சொன்னான். அம்பலவாணர் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"மிச்சத்தைத் தாரும் கந்தையா. கம்பிக்குரிய காசுக்கு மேல ஒரு சதமும் தரமாட்டம்."

கந்தையா துவாயிலிருந்து நூறு ரூபாய் நோட்டு மூன்றை எடுத்து நீட்டினார். அம்பலவாணர் அவற்றை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்தார். மிச்சத்தைக் கந்தையா மடியில் செருகிக்கொண்டு எழும்பினார்.

"சரி," என்றார். "கணக்கு முடிஞ்சுது."