தொண்ணூறு நொடி

டாக்டர் ஹுமாயூனை ஒரு பிஸ்தா மிட்டாய் எடுக்கவைக்க மூன்று முறை கெஞ்ச வேண்டும். "ஐயோ, வேண்டாம்" என்பார். "உங்களுக்கு ஏன் சிரமம்" என்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு. அதற்குப் பிறகு தட்டு காலி. ஈரானியர் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான், ரூஹியேவும் அதில் வளர்ந்தவள்தான். ஆனால் இந்த மனிதர் அதையே பிழைப்பாக்கி வைத்திருந்தார். எதில் டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. ஜெனீவாவில் மனித உரிமை என்று யாராவது தும்மினால்கூடப் பட்டு டை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ரூஹியேவின் தம்பி பயாம் ஷிராஸ் சிறையில் இருந்தான். ஈரானில் பஹாய் மதத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதில்லை என்பதால் வீட்டில் வைத்து அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். அதற்குப் பத்து வருடம். சனிக்கிழமை மேல்முறையீடு. போன வருடம் ஜெனீவாவில் இதே ஐ.நா. மனித உரிமைச் சபையில் பெயர் சொல்லப்பட்ட இரண்டு பேருக்குத் தண்டனை குறைந்தது. அதனால் பெயர் மட்டும் சபையில் ஒலித்தால் போதும் என்று குடும்பமே காத்திருந்தது.

ரூஹியேவும் டாக்டரும் இருந்த சங்கத்துக்குச் சபையில் பேசக் கிடைத்தது தொண்ணூறு நொடி. ரூஹியே மூன்று வாக்கியம் எழுதிக் கடிகாரம் வைத்துப் பழகியிருந்தாள். மைக் அருகே டாக்டர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். பெண்களை ஈரானிய மரியாதைப்படி 'கானும்' என்றுதான் அழைப்பார்.

"நீங்களே பேசுங்க, ரூஹியே கானும். இது உங்க வலி."

பாழாய்ப்போன நாக்கு. "நீங்க இருக்கும்போது நான் எப்படி, டாக்டர்?" என்றுவிட்டாள். ஒரு மரியாதைக்குச் சொன்னது. இன்னும் இரண்டு முறை கேட்பார், அப்புறம் ஒப்புக்கொள்ளலாம் என்று நின்றாள். அவரோ நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார்.

"நீங்க சொல்லி நான் தட்ட முடியுமாம்மா!"

மிட்டாய்க்கு மூன்று முறை கேட்க வேண்டிய மனிதருக்கு மைக்குக்கு ஒரு முறையே அதிகமாக இருந்தது. தாளை அவர் கையில் திணித்தாள். "பேரை முதல்லயே சொல்லிடுங்க. பயாம் சொபூத்தி."

"அவன் எனக்கும் தம்பிதான். கவலைய விடுங்க."

தலைவரை வாழ்த்தினார். துணைத் தலைவரை வாழ்த்தினார். சுவிட்சர்லாந்துக்கு நன்றி சொன்னார். பிறகு தன்னிடம் வந்துசேர்ந்தார். நாற்பத்தாறு வருடமாகத் தாய்மண்ணைப் பார்க்கவில்லை, தூக்கம் போயிற்று, இளமை போயிற்று, பல்லும் போயிற்று. நேரம் முடியப்போகிறது என்று சிவப்பு விளக்கு மின்னியது. ரூஹியே அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். பொறு என்று விரலைக் காட்டினார்.

"இதோ இந்த நிமிஷம், ஷிராஸ் சிறையில ஒரு இளைஞன் இருக்கான். அவன் பேரு..."

அங்கே நிறுத்தினார். கண்ணாடி முன் நின்று பழகிய நிறுத்தம். அந்த நிறுத்தத்திலேயே மைக் அணைந்தது. தலைவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உணர்ச்சி போய்ச் சேர்ந்துடுச்சு கானும். அந்த நார்வே அம்மா கண்ணைத் துடைச்சாங்க, பாத்தீங்களா?"

"பேரு போய்ச் சேரலையே."

"ஒரு பேருக்காகவா வந்தோம்? மொத்த தேசத்துக்கும் பேசியிருக்கேன்."

"நான் ஒரு பேருக்காகத்தான் வந்தேன்."

"என்னைப் பேசச் சொன்னதே நீங்கதானேம்மா?"

அது உண்மைதான். இந்த ஆளைவிடத் தன் மேல்தான் அதிகம் அருவருப்பாக இருந்தது. அதற்குள் தொலைபேசி அடித்தது. ஷிராஸிலிருந்து அம்மா.

"பாத்தோம்டி. பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்திருந்தாங்க. டிவில அவர் பேசுறதை நம்ம பாஷையிலயே சொல்லிட்டு வந்தாங்க. பயாம் பேரு வர்ற நேரம் பாத்து சத்தம் நின்னுபோச்சு. நம்ம டிவிதான் கெட்டுப்போச்சுன்னு அப்பா தட்டோ தட்டுன்னு தட்டுறாரு."

"டிவி நல்லாத்தாம்மா இருக்கு."

தட்டியது போதும் என்று அம்மா அப்பாவிடம் சொன்னது கேட்டது. "சரி விடு. பேசினாரே, அவரும் பாவம், ரொம்பப் பட்டிருக்காரு போல. எந்த ஜெயில்ல இருந்தாராம்?"

ரூஹியே திரும்பிப் பார்த்தாள். டாக்டர் யாரோ ஒரு நிருபருக்காக டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எந்த ஜெயில்லயும் இல்லம்மா."

"அப்புறம் அவரை ஏண்டி பேசவிட்ட?"