மௌனம் என்று நான் எழுதி வைத்தது

இத்தாலியில், ரெஜ்ஜோ எமிலியா நகரத்தில், எங்கள் பாலர் பள்ளியில் ஆசிரியையின் முதல் வேலை, முந்திக்கொள்ளாமல் இருப்பது. குழந்தை எதைத் தேடிப் போகிறதோ, அதைப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கோ பிறவியிலேயே பொறுமை கிடையாது. பதினெட்டு வருஷமாக வாயைக் கட்டிக் கையைக் கட்டி, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். அப்படி வரவழைத்துக்கொண்ட பொறுமையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

லவீனியாவுக்கு மூன்றரை வயது. செப்டம்பரில் சேர்ந்தாள். பேச்சு மொத்தம் ஐந்தாறு வார்த்தைதான். ஆனால் தண்ணீர்த் தொட்டியருகே நின்றுவிட்டால் ஒரு மணி நேரம் அசைய மாட்டாள். பக்கத்தில் மற்ற பிள்ளைகள் ரகளை செய்தாலும் திரும்ப மாட்டாள். நான் சொக்கிப்போனேன். படம் எடுத்து, குறிப்பெழுதி, 'லவீனியா மௌனத்தில் யோசிக்கிறாள்' என்று தலைப்பும் போட்டு நடைச் சுவர் முழுக்க மாட்டினேன். வெளிநாட்டிலிருந்து பள்ளியைப் பார்க்க வந்தவர்களெல்லாம் அதன்முன் நின்று பாராட்டினார்கள்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான்கு பிள்ளைகள் சமையல்கார வில்மாவோடு பூரணம் வைத்து மடிக்கும் தொர்தெல்லிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சமையலறையும் வகுப்புதான். வில்மா கைதவறிப் பெரிய தாம்பாளம் ஒன்றைக் கீழே போட்டாள். மூன்று பிள்ளைகள் துள்ளினார்கள். நானும் துள்ளினேன். லவீனியா மாவில் விரலால் குழி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றாள் வில்மா.

"அவ அப்படித்தான். ஒண்ணுல எறங்கிட்டா ஒலகமே தெரியாது."

"ஒலகம் தெரியலையா, காது கேக்கலையா?"

"பொறந்தப்பவே ஆஸ்பத்திரில சோதிச்சாச்சு. நல்லா இருக்குன்னு எழுதியே குடுத்திருக்காங்க."

"பொறந்தப்ப எனக்குக்கூடத்தான் முட்டி வலி இல்ல. போவியா!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குழந்தைகளைப் பற்றி எனக்கே பாடமா? மதியம் பிள்ளைகள் தூங்கியபோது, அவள் சொன்னது தப்பென்று காட்டத்தான் என் நோட்டுகளை எடுத்தேன். 'கூப்பிட்டேன், வரவில்லை. அது அவள் விருப்பம்.' 'கதை சொல்லும்போது என் உதட்டையே பார்க்கிறாள். என்ன கவனம்!' 'மணி அடித்தும் தொட்டியை விட்டு வரவில்லை.' பக்கம் பக்கமாக என் கையெழுத்து. ஒன்றைக்கூட நான் பார்க்கத் தவறவில்லை. எல்லாவற்றுக்கும் அழகாகப் பெயர் வைத்திருந்தேன். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

லவீனியா தூங்கி எழுந்து விளையாடப் போனதும் பின்னால் நின்று கை தட்டினேன். திரும்பவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். கிட்டே போனபோது என் நிழல் மேஜையில் விழுந்தது. உடனே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலு மணிக்கு அவள் அம்மா காத்யா வரும்வரை வாசலுக்கும் வகுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது? சொல்லாமல் இன்னொரு நாள் பார்க்கலாமா? அந்த நினைப்பு வந்ததற்கே என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. காத்யா உள்ளே கால் வைத்ததுமே கொட்டிவிட்டேன்.

"காத்யா, லவீனியாவுக்குக் காது சரியா கேக்கலையோன்னு பயமா இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும். தப்பு என்மேலதான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குனிந்து மகளின் கோட்டுக்குப் பொத்தான் போட்டாள்.

"வீட்ல கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறான்னு அக்டோபர்ல உங்ககிட்ட சொன்னேன், ஓர்னெல்லா."

சொல்லியிருந்தாள். இதே வாசலில் நின்றுதான் சொன்னாள்.

"அவளா வருவா, அவசரப்படுத்தாதீங்கன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்." கடைசிப் பொத்தானையும் போட்டாள். "அன்னையிலேருந்து நான் அவளப் பேர் சொல்லிக் கூப்பிடுறதையே விட்டுட்டேன்."