கடற்கரை கடை ரேடியோ

வெந்நீரில் முக்கிய துணியால் கணவனின் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த முத்துவடிவின் கை சட்டென்று நின்றது. எதிரே கடற்கரை நடத்திய காப்பிக் கடை ரேடியோவின் சத்தத்தைக் காணோம்.

கட்டிலில் வல்லிநாயகமும் கண்ணைத் திறந்துவிட்டார்.

“என்னட்டி... முடிஞ்சிட்டா?”

“முடியல. கரண்டு போயிருக்கும்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மழை இருட்டில் கடற்கரை கடை பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

டோக்கியோவில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டம். பாகிஸ்தானோடு. நாலு வருஷத்துக்கு முன்னால் ரோமில் இதே பாகிஸ்தானிடம் ஒரு கோலில் தோற்ற அன்று, வல்லிநாயகம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தவர். கோவில்பட்டி மில்லில் வேலை பார்த்த காலத்தில் மில் டீமுக்கு ஆடியவர். முழங்காலில் மட்டை பட்ட தழும்பு இன்னும் இருந்தது. நல்ல காற்றென்று குற்றாலத்தில் அறை எடுத்து வைத்திருந்து பார்த்தாள். நெஞ்சுச் சளி இறங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி டாக்டர் கைவிட்டபோது அவள் அழுதாள். அவர் சிரித்தார்.

“நல்லதாப் போச்சு. கடற்கரை கடைக்கு எதுத்தாப்பல கெடக்கலாம்லா.”

இப்போது அவர் விரல் கட்டில் சட்டத்தைச் சுரண்டியது. “போய்... கேளேன்.”

முத்துவடிவு அப்படியே தெருவில் இறங்கினாள். காலையிலிருந்து முடியக்கூட நேரமில்லாத தலைமுடி முதுகில் விரிந்து கிடந்தது. அவளைக் கண்டதும் கடை முன்னால் நின்ற ஆண்கள் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் கடற்கரை கல்லாப் பட்டறையை விட்டு இறங்கி வந்தார்.

“மயினி... அண்ணாச்சி எப்பம் போனாவ?”

“யாரு சொன்னா?”

“பக்கத்து வீட்டு நாச்சியாரக்கா ஒங்க வீட்டுலேருந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போனா. சாவு விழுந்த தெருவுல ரேடியோ பாடலாமா? நிறுத்திட்டேன். சங்கு ஊதுத சுடலைமாடனைக் கூப்பிடவும் ஆளு போயிருக்கு.”

“அவுக சாவல!” அவள் குரல் கிறீச்சிட்டது. “உசுரோட கெடக்காவ! ஆட்டம் என்னாச்சுன்னு கேக்காவ! போடுங்க தம்பி, ஒங்க கால்ல விழுதேன், போடுங்க!”

எடுத்த துண்டுகள் மறுபடி தோளுக்குப் போயின.

“நான் அப்பமே சொன்னேம்லா,” என்றார் கூட்டத்தில் நின்ற நல்லகண்ணு. “அந்த மனுசன் கோல் விழாமக் கண்ண மூட மாட்டாருன்னு. போடும்யா, இதுக்குள்ள இடைவேள முடிஞ்சிருக்கும்.”

கடற்கரை குமிழைத் திருகினார். பச்சை விளக்கு மெதுவாக எரிந்தது. இரைச்சல் மட்டும் வந்தது. முத்துவடிவு மழையில் வெறுங்காலோடு நின்று அந்தப் பெட்டியையே பார்த்தாள். சூடேறட்டும், சூடேறட்டும் என்று யாரோ சொன்னார்கள். பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல, அவளுக்குப் புரியாத பாஷையில் ஒரு குரல் வந்தது.

“இன்னும் கூட்டி வைங்க!” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ரேடியோ சத்தம் அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் போயிருந்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது. வல்லிநாயகத்தின் முகம் வாசலைப் பார்த்து இருந்தது.

“கேக்குதா? போட்டாச்சு. கேக்குதா?”

இத்தனை நாளும் அந்த வீட்டை அறுத்துக்கொண்டிருந்த மூச்சுச் சத்தத்தை அவள் காதால் தேடினாள். ரேடியோவின் கூச்சலில் எதுவும் பிடிபடவில்லை. மூக்கருகே கையைக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தெரு அலறியது.

“நம்ம கோலு மயினி!” கடற்கரை ஜன்னலுக்கு ஓடிவந்தார். “ஒண்ணு விழுந்துட்டு! அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க!”

அவள் குனிந்து, காதோடு வாய் வைத்துச் சொன்னாள். நம்ம கோலு. இன்னொரு தடவையும் சொன்னாள்.

கடற்கரை கட்டிலைப் பார்த்தார். அவர் சிரிப்பு அடங்கியது.

“மயினி... ரேடியோவ...”

“ஆட்டம் முடியலல்லா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“இருக்கட்டும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். முத்துவடிவு விசிறியை எடுத்து வீசத் தொடங்கினாள். ஜன்னலுக்கு வெளியே, கடைத் தாழ்வாரத்தில் சுடலைமாடன் வந்து குத்தவைத்திருந்தான். மழை படாமல் சங்கைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, ரேடியோ பக்கம் காதைச் சாய்த்திருந்தான்.